சிவப்பரிசிச் சோறு: வீட்டுல சண்டை இல்லாம பழக்குவது எப்படி?



கிளினிக்குக்குப் போய் வந்தவங்க அடிக்கடி சொல்ற பேச்சு ஒண்ணு உண்டு. "சீனி வருத்தம்னு சொல்லிட்டாங்க. வெள்ளைச் சோத்தைக் குறைச்சுக்கிட்டு சிவப்பரிசி சாப்பிடச் சொன்னாங்க." சரியென்று கடையில் ஒரு கிலோ வாங்கி வருகிறோம். மறுநாள் காலையிலேயே பானையில் போடுகிறோம். பெரட்டுக்கு நேரமாகிறது, சோறு இன்னும் வேகவில்லை. வீட்டுக்காரர் முகத்தைச் சுளிக்கிறார். பிள்ளை பாதியில் எழும்பிவிடுகிறது. மிச்சம் கோழிக்குப் போகிறது. அதோடு சிவப்பரிசிக் கதையும் முடிகிறது.

இப்படி முடிய வேண்டியதில்லை. நாக்கும் பல்லும் வயிறும் பல வருசமாக வெள்ளைச் சோற்றுக்கும் கோதுமை மாவுக்கும் பழகியிருக்கின்றன. அவற்றை ஒரே நாளில் மாற்ற முடியாது. ஆனால் ஆறு கிழமையில் மாற்றலாம். எப்படி என்பதுதான் இந்த இதழின் பாடம்.

தவிட்டில் என்ன இருக்கிறது?

நெல்லில் வெளியே இருப்பது உமி. அதை நாம் சாப்பிட முடியாது. உமிக்குள்ளே அரிசியைச் சுற்றி மெல்லிய தோல் மாதிரி இருப்பது தவிடு. அரிசியின் ஒரு முனையில் சின்னதாக முளை இருக்கும். மில்லில் அரிசியை வெள்ளையாகத் தீட்டும்போது தவிடும் போகிறது, முளையும் போகிறது. மிஞ்சுவது பெரும்பாலும் மாச்சத்து மட்டும்தான்.

தீட்டாத அரிசி 100 கிராமில் பி1 என்ற உயிர்ச்சத்து ஏறக்குறைய 0.4 மில்லிகிராம் இருக்கிறது. நன்றாகத் தீட்டிய வெள்ளைப் பச்சரிசியில் அது 0.07 மில்லிகிராம் அளவுக்கு இறங்கிவிடுகிறது. நார்ச்சத்தும் பாதிக்கு மேல் குறைகிறது. நாம் காசு கொடுத்து வாங்கும் அரிசியின் நல்ல பங்கு மில்லிலேயே நின்றுவிடுகிறது. பிறகு அது மாட்டுக்கும் கோழிக்கும் தீனியாகப் போகிறது.

ஒன்றை மட்டும் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். சிவப்பரிசியும் சோறுதான். உடம்புக்குக் கொடுக்கும் சக்தி இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான். "சிவப்பரிசிதானே" என்று இரண்டு கோப்பை கூடுதலாகச் சாப்பிட்டால் பலன் கிடைக்காது. நார்ச்சத்து இருப்பதால் சோறு வயிற்றில் மெதுவாகச் செரிக்கிறது. பசி சீக்கிரம் எடுக்காது. இரத்தத்தில் சீனியும் கொஞ்சம் மெதுவாக ஏறும். மலச்சிக்கலும் குறையும். நன்மை அதுதான்.

கோழி சொல்லிக் கொடுத்த பாடம்

1890ஆம் ஆண்டளவில் ஜாவாவில், இன்று ஜகார்த்தா என்று சொல்லும் ஊரில், எய்க்மன் என்ற ஒல்லாந்த வைத்தியர் வேலை செய்தார். அங்கே ஆட்களுக்கு 'பெரிபெரி' என்ற நோய். கால் விளங்காமல் போகும், உடம்பு வீங்கும், இருதயம் நின்று உயிரும் போகும். அந்தப் பெயரே, 'முடியாது' என்று பொருள்படும் சிங்களச் சொல்லிலிருந்து வந்தது என்று சொல்வார்கள்.

அந்த வைத்தியர் வளர்த்த கோழிகளுக்கும் திடீரென்று கால் தள்ளாடத் தொடங்கியது. கொஞ்ச நாளில் தானாகவே குணமும் ஆனது. விசாரித்துப் பார்த்தால், இடையில் கோழிக்குப் போட்டது ஆஸ்பத்திரிச் சமையலறையில் மிஞ்சிய வெள்ளைச் சோறு. புதிதாக வந்த சமையல்காரர் அதைக் கோழிக்குத் தர மறுத்துவிட்டார். பழையபடி தீட்டாத அரிசி போட்டதும் கோழி எழும்பி நடந்தது. தவிட்டில் ஏதோ ஒன்று இருக்கிறது என்று இப்படித்தான் உலகத்துக்குத் தெரிய வந்தது. இதற்காக 1929இல் எய்க்மனுக்கு நோபல் பரிசில் ஒரு பங்கு கிடைத்தது.

இந்தக் கதையில் நம்ம ஆட்களுக்கும் பங்கு உண்டு. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயாவில் வெள்ளைப் பச்சரிசி சாப்பிட்ட சீனத் தொழிலாளர்கள் ஏராளமானோர் பெரிபெரியால் செத்தார்கள். அதே நாட்டில் வேலை செய்த தமிழ்த் தொழிலாளர்களுக்கு அந்த நோய் அவ்வளவாக வரவில்லை. காரணம் என்ன? அவர்கள் சாப்பிட்டது புழுங்கலரிசி. நெல்லை அவிக்கும்போது தவிட்டில் உள்ள உயிர்ச்சத்தில் ஒரு பங்கு அரிசிக்குள்ளே இறங்கிவிடுகிறது. பிறகு தீட்டினாலும் எல்லாம் போய்விடாது. கோலாலம்பூரில் மனநோய் ஆஸ்பத்திரி ஒன்றில் பிளெட்சர் என்ற வைத்தியர் நோயாளிகளை இரண்டு பிரிவாக்கி இரண்டு அரிசியும் கொடுத்துப் பார்த்தார். புழுங்கலரிசிப் பக்கம் நோயிலிருந்து தப்பியது. 1907இல் அது வெளியானது.

அவித்த நெல்லின் சோறு நம் முன்னோரைக் கடல் கடந்த தோட்டத்திலும் காப்பாற்றியிருக்கிறது. அதை மறந்துவிட வேண்டாம்.

நமக்கு இன்றைக்கு ஏன் தேவை?

இன்றைக்குப் பெரிபெரி அரிது. நம்மை வாட்டுவது வேறு. சீனி வருத்தம், பிரசர், கொழுப்பு. இவை ஒருகாலத்தில் வயசானவங்களுக்கும் பட்டணத்தாருக்கும் வரும் வருத்தம் என்றிருந்தோம். இப்போது லயத்திலும் நாற்பது வயசுக்குள்ளேயே மாத்திரை எடுப்பவர்கள் இருக்கிறார்கள். கொழுந்து பறிக்கிற காலும் கையும் நன்றாக இருந்தால்தான் பேர் விழும். காலில் புண் வந்து ஆறாமல் இருந்தால் முழு வீடும் படுத்துவிடும்.

அமெரிக்காவில் ஏறக்குறைய 2 லட்சம் சுகாதார உத்தியோகத்தர்களைப் பல வருசம் கவனித்து 2010இல் ஒரு ஆய்வு வெளியானது. ஒரு நாளில் 50 கிராம் வெள்ளை அரிசிக்குப் பதிலாக அதே அளவு தீட்டாத அரிசி சாப்பிட்டால், சீனி வருத்தம் வரும் வாய்ப்பு 16 சதவீதம் குறைவு என்று அவர்கள் கணக்கிட்டார்கள். 50 கிராம் என்பது இரண்டு சின்னக் கைப்பிடி அரிசி. இதுவே எல்லாவற்றுக்கும் மருந்து என்று அர்த்தமில்லை. கொஞ்சமாக மாற்றினாலும் வீண் போகாது என்பதுதான் இதில் நமக்குப் படிப்பினை.

இன்னொரு காரணம் கோதுமை மா. இலங்கையிலேயே அதிகம் கோதுமை மா சாப்பிடுவது தோட்டப்புறத்து ஆட்கள்தான். அதற்குக் காரணம் இருக்கிறது. விடியற்காலையில் நாலு ரொட்டி தட்டி, சம்பலோடு துணியில் சுற்றி எடுத்தால் மலைக்குப் போய்விடலாம். 1973, 1974 பஞ்சத்தைக் கண்ட பெரியவர்களுக்கு, மாவும் கிடைக்காமல் லயத்தில் பசியால் மனுசர் செத்த கதையும் தெரியும். அதனால் ரொட்டியை ஏளனம் செய்ய வேண்டாம். ஆனால் காலையிலும் வெள்ளை மா, பகலிலும் வெள்ளை மா, ராவைக்கு வெள்ளைச் சோறு என்றால் தவிடு என்பது ஒரு நாளும் உடம்புக்குள் போவதில்லை. 2022இல் மா விலை ஏறியபோது நாம் பட்ட பாடும் மறக்கவில்லை. ஒன்றையே நம்பியிருக்கும் வயிற்றுக்கு அதுவும் ஆபத்துத்தான்.

கடையில் பார்த்து வாங்குங்க

அரிசியின் சிவப்பு நிறம் இருப்பது தவிட்டுத் தோலில்தான். ஆகவே அரிசி எவ்வளவு சிவப்போ அவ்வளவு தவிடு மிச்சம் இருக்கிறது. கொஞ்சம் அரிசியை உள்ளங்கையில் போட்டு வெளிச்சத்தில் பாருங்க. முழுதும் சிவப்பாக இருந்தால் நல்லது. வெள்ளையில் அங்கங்கே சிவப்புக் கோடு மட்டும் தெரிந்தால் அது நன்றாகத் தீட்டியது, பெயர்தான் சிவப்பரிசி. கழுவும்போது தண்ணீர் சாயம் மாதிரிக் கடும் சிவப்பாக ஓடி, அரிசி வெள்ளையாக மாறினால் அந்தக் கடையில் அடுத்த முறை வாங்காதீங்க.

முழுச் சிவப்பரிசி கிடைக்காவிட்டால் என்ன செய்வது? நாட்டரிசி, சம்பா என்று விற்பவை பெரும்பாலும் புழுங்கலரிசி. வெள்ளைப் பச்சரிசியைவிட அவை மேல். ஒரு படி ஏறினாலும் ஏற்றம்தானே.

பச்சப்பெருமாள், சுது ஹீனட்டி, மடத்தவாளு என்ற பாரம்பரிய அரிசிகளும் நல்லவையே. ஆனால் விலை கூட. கணக்குக் கொப்பியில் கடன் ஏற்றி அவற்றை வாங்க வேண்டியதில்லை. சாதாரணச் சிவப்புப் பச்சரிசி போதும்.

ஒரு மாதத்துக்கு மொத்தமாக வாங்க வேண்டாம். தவிட்டில் எண்ணெய் இருக்கிறது. மலைநாட்டு ஈரத்தில் நாளானால் அது கெட்டு ஒரு கசப்பு வாடை வரும். இரண்டு கிழமைக்கு வேண்டியதை வாங்கி, இறுக மூடும் டின்னில் போட்டு, அடுப்புக்குத் தள்ளி வையுங்க.

ஆறு கிழமைத் திட்டம்

உங்க வீட்டில் ஒரு வேளைக்கு 4 சுண்டு அரிசி போடுவதாக வைத்துக்கொள்வோம்.

1ஆம், 2ஆம் கிழமை: 1 சுண்டு சிவப்பு, 3 சுண்டு வழக்கமான அரிசி.
3ஆம், 4ஆம் கிழமை: பாதிக்குப் பாதி. 2 சுண்டு சிவப்பு, 2 சுண்டு வழக்கமானது.
5ஆம், 6ஆம் கிழமை: 3 சுண்டு சிவப்பு, 1 சுண்டு வழக்கமானது.

அதற்குப் பிறகு முழுவதும் சிவப்பாக்குவதா, முக்கால் பங்கோடு நிற்பதா என்று வீடே முடிவு செய்யட்டும். பாதியோடு நின்றாலும் நட்டமில்லை. மொத்த அரிசி அதே 4 சுண்டுதான் என்பதைக் கவனியுங்க. கூடுதலாக எதுவும் வாங்கவில்லை. ஒன்றை எடுத்துவிட்டு இன்னொன்றைப் போடுகிறோம், அவ்வளவுதான்.

வேக வைக்கும் முறை

சிவப்பரிசி வேக நேரமெடுக்கும். மலையில் இன்னும் கூட. உயரம் ஏற ஏறத் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடும். கொழும்பில் 100 பாகையில் கொதிக்கும் தண்ணீர் நுவரெலியாவில் ஏறக்குறைய 94 பாகையிலேயே கொதிக்கிறது. தண்ணீர் தளதளவென்று கொதித்தாலும் அரிசி வேகாமல் நிற்பது அதனால்தான். இதற்கு மருந்து ஊற வைப்பது.

1. ராவைக்குச் சாப்பிட்ட பிறகு சிவப்பரிசியைக் கல் அரித்து, ஒரு தரம் இரண்டு தரம் மட்டும் கழுவுங்க. தேய்த்துத் தேய்த்துக் கழுவினால் சத்து தண்ணீரோடு ஓடும்.

2. 1 சுண்டு அரிசிக்கு இரண்டரைச் சுண்டு தண்ணீர் விட்டு மூடி வையுங்க. குளிரான தோட்டங்களில் விடிய விடிய ஊறலாம். இரத்தினபுரி, கேகாலை, களுத்துறைப் பக்கம் சூடு கூட என்பதால் வாடை பாருங்க. புளித்திருந்தால் அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு வேறு தண்ணீர் விடுங்க. வாடை இல்லாவிட்டால் ஊறிய தண்ணீரிலேயே வேக வைக்கலாம்.

3. காலையில் சிவப்பரிசியை முதலில் அடுப்பில் ஏற்றுங்க. 15 அல்லது 20 நிமிசம் கழித்து வழக்கமான அரிசியைக் கழுவி, அதற்கு வேண்டிய தண்ணீரோடு அதே பானையில் சேருங்க. இரண்டும் ஒன்றாக வெந்து வரும். எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டால் ஒன்று குழையும், மற்றது பல்லில் கடிபடும். பல வீடுகளில் சிவப்பரிசி தோற்றுப் போவது இந்த இடத்தில்தான்.

4. கஞ்சி வடிக்கும் பழக்கம் இருந்தால் அதைக் கொட்ட வேண்டாம். உப்புப் போட்டுச் சுடச்சுடக் குடிங்க.

விறகும் கேஸும் மிச்சம் பிடிக்க ஒரு வழி உண்டு. ஊறிய அரிசியை 20 நிமிசம் நன்றாகக் கொதிக்க விட்டு, மூடியைத் திறக்காமல் இறக்கி, சாக்கும் பழைய கம்பிளியும் சுற்றி ஒரு மூலையில் வையுங்க. ஒரு மணித்தியாலத்தில் உள்ளே இருக்கும் சூட்டிலேயே மீதி வெந்துவிடும். அதற்குள் நீங்க கறி வைக்கலாம், பிள்ளையை வெளிக்கிடுத்தலாம்.

ஊறப் போடுகிற வேலையும் தாய்க்குத்தான் என்று வைக்காதீங்க. விடியற்காலையில் எழும்பி, மலையில் நின்று, பின்னேரம் தண்ணி தூக்கி வருபவர் அவர். அரிசி கழுவி ஊறப் போட ஐந்து நிமிசம் போதும். அதை வீட்டுக்காரரோ பெரிய பிள்ளையோ செய்யட்டும். தன் கையால் போட்ட அரிசியைக் குறை சொல்ல வாயும் வராது.

வீட்டுல வரும் பேச்சும் அதற்குப் பதிலும்

வீட்டுக்காரர்: "என்னா புள்ள, மாட்டுக்கு வைக்கிற மாதிரி இருக்கு?"
பதில்: "நாலுல ஒரு பங்குதாங்க போட்டேன். கருவாட்டுக் கொழம்பு ஊத்திச் சாப்பிட்டுப் பாருங்க. பின்னேரம் மலையில பசி எடுத்துச்சான்னு வந்து சொல்லுங்க."
சிவப்பரிசிச் சோற்றுக்குத் தண்ணியான குழம்பு ஒத்து வராது. பருப்பு, கருவாட்டுக் குழம்பு, பால் விட்ட கீரை, தேங்காய்ச் சம்பல் நன்றாகப் பிடிக்கும். முதல் கிழமையில் வீட்டுக்குப் பிடித்த கறியாகப் பார்த்து வையுங்க.

மாமியார்: "பல்லுக்கு ஆகாதும்மா. எனக்கு வேணாம்."
பதில்: "உங்களுக்குன்னு கஞ்சியா கரைச்சுத் தர்றேன் மாமி. நீங்க சின்னப் புள்ளையில சாப்பிட்டதுதானே?"
வயசானவர்களுக்கு இன்னும் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் குழைய வேக வைத்துக் கொடுங்க. வற்புறுத்த வேண்டாம்.

பிள்ளை: "பள்ளிக்கூடத்துல எல்லாரும் வெள்ளைச் சோறுதான் கொண்டு வர்றாங்க."
பதில் சொல்ல வேண்டாம். சாப்பாட்டுப் பெட்டிக்குப் பாதிக்குப் பாதிச் சோற்றில் முட்டையோ பருப்போ பிசைந்து வையுங்க. பிள்ளை தின்பது அப்பாவைப் பார்த்துத்தான். அப்பா முகம் சுளிக்காமல் சாப்பிட்டால் பிள்ளையும் சாப்பிடும்.

சோறாகத்தான் வேண்டுமா?

இல்லை. சோறு பிடிக்காத வீட்டில் வேறு வழியாக உள்ளே கொண்டு வரலாம்.

இலைக்கஞ்சி: ஒரு கைப்பிடி சிவப்புப் பச்சரிசியைக் குழைய வேக வையுங்க. வல்லாரை அல்லது முருங்கை இலையை அரைத்துப் பிழிந்த சாறு, கொஞ்சம் தேங்காய்ப்பால், உப்புச் சேர்த்து ஒரு கொதியில் இறக்குங்க. பிள்ளைகளுக்குச் சின்னக் கருப்பட்டித் துண்டு கொடுக்கலாம். சீனி வருத்தம் உள்ளவர்களுக்கு அது வேண்டாம்.

பிட்டு, இடியப்பம்: சிவப்பரிசி மாவில் செய்தால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். நிறம் அங்கே பழகிய நிறம்.

ரொட்டி: முதலில் இரண்டு பங்கு கோதுமை மாவுக்கு ஒரு பங்கு சிவப்பரிசி மா போடுங்க. அரிசி மாவில் இழுவை இல்லை, அதனால் ரொட்டி வெடிக்கும். இளஞ்சூட்டுத் தண்ணீரில் பிசைந்து, தேங்காய்ப்பூச் சேர்த்து, கால் மணித்தியாலம் மூடி வைத்துப் பிறகு கொஞ்சம் தடிப்பாகத் தட்டுங்க. கை பழகியதும் பாதிக்குப் பாதி போகலாம். மலைக்குக் கொண்டு போகும் ரொட்டியை விடாமலே தவிட்டை உள்ளே சேர்க்க இதுவே லேசான வழி.

கவனிக்க வேண்டியவை

சீனி வருத்தத்துக்கு மாத்திரை எடுப்பவர்கள் சிவப்பரிசி சாப்பிடுகிறோம் என்று மாத்திரையை நிறுத்தக்கூடாது. சோற்றின் அளவையும் கூட்டக்கூடாது. தட்டில் பாதி மரக்கறியும் கீரையும் இருக்கட்டும்.

இரத்தச் சோகைக்குச் சிவப்பரிசி மட்டும் போதாது. தவிட்டில் இரும்புச்சத்தைப் பிடித்து வைக்கும் பொருளும் இருக்கிறது. கீரை, பருப்பு, நெத்தலி, முட்டை வேண்டும். தேசிக்காய்ப் புளி, நெல்லிக்காய் கூட இருந்தால் இரும்புச்சத்து நன்றாக உடம்பில் சேரும். சாப்பிட்ட கையோடு சாயத் தேத்தண்ணி குடித்தால் அதைத் தடுத்துவிடும். தேத்தண்ணிக்கு ஒரு மணித்தியாலம் பொறுங்க. கர்ப்பிணித் தாய்மார் கிளினிக்கில் தரும் இரும்பு மாத்திரையை விடவே கூடாது.

6 மாதம் முடிந்து சாப்பாடு தொடங்கும் குழந்தைக்குச் சிவப்பரிசியைக் குழைய வேக வைத்து மசித்து, கொஞ்சமாகக் கொடுங்க. சின்ன வயிறு தவிட்டால் சீக்கிரம் நிரம்பிவிடும். அதனால் பருப்பு, முட்டை, ஒரு துளி தேங்காய் எண்ணெய் சேர்ப்பது முக்கியம்.

சிறுநீரக வருத்தம் உள்ளவர்கள் வைத்தியரைக் கேட்காமல் மாற்றக்கூடாது.

முதல் சில நாளில் வயிறு ஊதினது மாதிரி இருக்கலாம். பழகப் பழகப் போய்விடும். கொதித்தாறிய தண்ணீர் நன்றாகக் குடிங்க.

வீட்டுப் பாடம்

1. இந்தக் கிழமை உங்க வீட்டில் வெள்ளை மாவும் வெள்ளை அரிசியும் எத்தனை வேளை சாப்பிட்டீங்க? கலண்டரில் ஒரு புள்ளி வைத்து எண்ணிப் பாருங்க.

2. கடையில் விற்கும் சிவப்பரிசியைக் கையில் எடுத்துப் பாருங்க. முழுச் சிவப்பா, கோடு மட்டுமா?

3. அரிசி ஊறப் போடும் வேலையை வீட்டில் யார் எடுத்துக்கொள்வது என்று இன்றைக்கு ராவைக்குப் பேசி முடிவு செய்யுங்க.

4. பிள்ளைக் காம்பிராவில் பகல் சாப்பாட்டுக்கு எந்த அரிசி போடுகிறார்கள் என்று கேளுங்க. தாய்மார் நாலு பேர் சேர்ந்து கேட்டால், அங்கேயும் நாலில் ஒரு சுண்டு மாறும்.

முதல் கிழமைக்கு ஒரு சுண்டு போதும். இன்றைக்கே ஊறப் போடுங்க.